எங்கள் கடைத்தெருவுக்கு ஆடி ஆகாது என்றேன்

அறந்தாங்கிப் பழைய கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. மஞ்சள், குங்குமம், கற்பூரம், தாலிக்கயிறு, பாக்கு, முளைப்பாலிகைச் சட்டி, பஞ்சாங்கம், தினசரி காலண்டர் என்று கல்யாணத்துக்கும் சாமி காரியத்துக்கும் வேண்டியதை விற்கிறோம். மாமனார் வைத்த கடை. எங்கள் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து அதை எடுத்து நடத்துகிறார் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றுவதிலிருந்து எல்லாம் நான்தான். அவர் சரக்கு எடுக்கப் போவார். போன இடத்தில் நாலு பேரோடு டீ குடித்துப் பேசிவிட்டு வருவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் கூடிவந்தால், துணி எடுப்பதற்கும் நகை எடுப்பதற்கும் முன்னால், நல்ல நேரம் பார்த்து மஞ்சளும் உப்பும் வாங்குவார்கள். அதுதான் முதல் சாமான். கீரமங்கலம் பஸ்ஸிலும் ஆவுடையார்கோவில் பஸ்ஸிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக வந்து இறங்குவார்கள். எங்களிடம் மஞ்சள் வாங்கிய கையோடு புடவை, பாத்திரம், வளையல், செருப்பு என்று அந்தத் தெருவிலேயே பகல் முழுக்கச் சுற்றுவார்கள். தெரு அதில்தான் பிழைத்தது.

பிறகு அது குறைந்தது. ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் ஏசி போட்ட பெரிய கடைகள் வந்தன, கார் நிறுத்த இடத்தோடு. அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவும் நாறிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. அதன் மேலேயே ஆளாளுக்குத் தகரக் கொட்டகையை நீட்டி வைத்திருந்தோம். மிச்ச இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். நடக்க வழி இல்லை. எல்லாவற்றையும் விட, காலையில் வரும் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்கள். ஒரு சாயங்காலம் நிரந்தரமாக ஷட்டர் இறங்கிவிட்ட கடைகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு வந்தது. பயமாக இருந்தது.

என் கடைக்குப் பக்கத்துக் கடை ஜாக்கெட் தைக்கும் கடை. அதை நடத்தியவளை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். உறவில்லை, எட்டு வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்த உறவுதான். அவள் வீட்டுக்காரர் மரம் ஏறி விழுந்து முதுகில் அடிபட்டவர், வேலைக்குப் போக முடியாது. மூன்று மிஷின், ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான் அவளுக்கு. ஆவணி முகூர்த்தத்தில் தைப்பதை வைத்து வருஷத்தில் பாதியை ஓட்டிவிடுவாள்.

தெருவைச் சீர்செய்யப் போகிறார்கள் என்று நகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தபோது உருப்படியான யோசனையைச் சொன்னவள் அவள்தான். மூடிக் கிடந்த பழைய அரிசி மண்டியைக் காட்டி, "சார், லைட்டு கம்பமெல்லாம் அப்புறம் போடுங்க. முதல்ல இதுக்குள்ள பொம்பளைகளுக்கு நாலு கக்கூஸ் கட்டுங்க. ஒக்கார பெஞ்சு போடுங்க. குடிக்கத் தண்ணி வைங்க. கைப்புள்ளைக்குப் பால் குடுக்க ஒரு மறைப்பு. இது இருந்தா அவுங்களா வருவாங்க," என்றாள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு விடவில்லை, பிளானில் சேர்த்தும்விட்டார்.

ஆனி மாதம் வியாபாரிகள் சங்கத்து மாடியில் கூட்டம் போட்டார்கள். இன்ஜினியர் பெரிய தாளை விரித்தார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அந்தக் கோடுகளில் என் கடை எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார். சாக்கடையை ஆழமாக வெட்டி, மேலே சிலாப் போட்டு, அதன் மேல் நடைபாதை. வண்டிகளுக்குத் தெருவின் பின்னால் தனி இடம்.

"ஆடி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சிருவோம்," என்றார். "ஆடியில முகூர்த்தம் கிடையாது, உங்களுக்கும் யாவாரம் மந்தம். நாப்பது நாள் குடுங்க. ஆவணியில ஜனங்க புது நடைபாதையில நடந்து வருவாங்க. தெக்கு வரிசை பள்ளம். அங்கேருந்து வெட்டிக்கிட்டு வந்தா தண்ணி தானா ஓடிரும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்தேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆடியில நாங்க புதுசா எதையும் தொட மாட்டோம். இத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்ட தெரு இது. இதுல ஆடியில மம்பட்டி வைக்கக் கூடாதுங்க."

"அம்மா, இது வீடு இல்லம்மா. சாக்கடை."

"சாக்கடைன்னாலும் எங்க வாசல்ல ஓடுற சாக்கடைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடும் செருப்புக் கடை பாய் கையைத் தூக்கினார். "எனக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. ஆனா செருப்பு வாங்க வாரவங்க எல்லாம் தங்கச்சி சாதிசனம்தான். அவுங்க பயந்துட்டா எங்கிட்ட யாரு வருவா? அது சொல்றபடியே செஞ்சுருங்க சார்."

எனக்குத் தைரியம் கூடிவிட்டது. "ஆரம்பிக்கிறதும் ஈசானிய மூலையில ஆரம்பிக்கணும்," என்றேன். அதாவது வடக்கு வரிசையில், மேட்டுப் பக்கத்தில். இன்ஜினியர் தாளைச் சுருட்டிக்கொண்டே, "தண்ணிக்கு ஈசானியம் தெரியாதும்மா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சரி, ஊர் இஷ்டம், ஆவணியில் ஆரம்பிப்போம் என்று ஒப்புக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லதைச் சொன்ன நிறைவோடு நான் வீட்டுக்குப் போனேன்.

ஆவணியில் வளர்பிறை பார்த்து, தேங்காய் உடைத்து, வடகிழக்கு மூலையில் ஆரம்பித்தோம். பூஜை சாமான் நான் கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. தெருவுக்கு நாள் பார்த்தாயிற்று. இப்போது ஒவ்வொருவரும் தன் கடை வாசலை வெட்டத் தன் நட்சத்திரத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர், "செவ்வாக்கெழமை என் கொட்டகையைத் தொடாதீங்க," என்றார். அடுத்தவர், "எனக்கு ரெண்டு நாளா சந்திராஷ்டமம், தாண்டிப் போங்க," என்றார். இன்னொருவர் பெரிய மகனிடம் கேட்க வேண்டும், அவன் துபாயில் இருக்கிறான் என்றார். நாள் பார்க்க எல்லோரும் என் கடைக்குத்தான் வந்தார்கள். நானும் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். வேலையாட்கள் ஒரு கடையை வெட்டி, இரண்டு கடையைத் தாண்டி, அடுத்ததை வெட்டினார்கள். பல் விழுந்த வாய் போல ஆயிற்று தெரு. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் தொடுப்பே இல்லை.

தோண்டிய மண்ணைத் தெற்கு வரிசை ஓரத்தில், அதாவது எங்கள் பக்கம், குவித்தார்கள். வேறு இடம் ஏது? ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த பெண்கள் தெரு முனையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "அடியாத்தீ, இதுக்குள்ள எப்புடிப் போறது?" என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பிப் போய்விட்டார்கள். மஞ்சளாவது பெட்டிக்கடையில் கிடைக்கும். ஜாக்கெட்டை எல்லோரும் மெயின் ரோட்டில் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடையில் மிஷின் சத்தம் குறைந்தது எனக்குச் சுவர் வழியாகத் தெரிந்தது. முதலில் மூன்று ஓடும். பிறகு ஒன்று. பிறகு அதுவும் விட்டு விட்டு.

ஐப்பசியில் மழை பிடித்தது. குழிகள் நிரம்பின. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் வடிய வேண்டிய எங்கள் பக்கத்துச் சாக்கடையை மண் குவியல் அடைத்திருந்தது. தண்ணீர் போக வழி இல்லாமல் எங்கள் வரிசைக்குள் நுழைந்தது. என் கடைக்கு இரண்டு படி உண்டு, தப்பியது. அவள் கடைக்குப் படி கிடையாது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் தைக்க வெட்டி வைத்த துணிகள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நானும் போய்ப் பிழிந்தேன். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

கார்த்திகையில் கடையைக் காலி செய்தாள். மிஷின்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, "அக்கா, ஓனர் வந்தா சாவியைக் குடுத்துருங்க," என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடையில் உட்கார்ந்தால் அந்தச் சுவரே கண்ணில் படும். விளக்கேற்றும்போது கூட மனசு நிற்காது. எங்கள் வீட்டுக்காரரிடம், "நான் சாமிக்குப் பயந்துதானே சொன்னேன்?" என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "சாமிக்குப் பயந்தது சரி. கூட்டத்துல எல்லாரும் கேட்டாகன்னதும் ஒனக்குக் கொஞ்சம் குளுந்துபோச்சுல்ல? அது சாமிக்குப் பயந்தது இல்ல," என்றார். குவைத்தில் இருந்த காலத்தில் போனில் ஆறுதல் மட்டுமே சொல்லிப் பழகிய மனிதர். அன்றைக்கு அவர் சொன்னது சுட்டது. ஆனால் சரியாக இருந்தது.

மார்கழியில் ஒரு காலை நான் மட்டும் ஆவுடையார்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அவள் வீடு அங்கிட்டுத்தான். முதலில் கோயிலுக்குப் போனேன். அங்கே சாமிக்கு உருவம் கிடையாது. சோறு வடித்துக் கொட்டி, அதில் எழும்பும் ஆவியைத்தான் படைக்கிறார்கள். எத்தனையோ முறை கும்பிட்ட இடம். அன்றைக்கு என்னமோ, இன்ன கிழமை, இன்ன திசை என்று கேட்கிற சாமியாக அது எனக்குத் தெரியவில்லை. "அப்பனே, உன் பேரைச் சொல்லி ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன்," என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் வீட்டு முன்னறையில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டுக்கும் பழைய சேலையைப் போர்த்தியிருந்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் படுத்திருந்தார். காபி போட்டுக் கொடுத்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். என் தப்புத்தான், மன்னித்துக்கொள் என்றேன். அழக் கூடாது என்று நினைத்துப் போயும் அழுதுவிட்டேன்.

"அழுகாதீங்கக்கா. காபி ஆறுது," என்றாள். கொஞ்ச நேரம் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க சாமிக்குப் பயந்து சொன்னீங்க. நான் ஒங்களுக்குப் பயந்து சும்மா இருந்தேன். எனக்கு அன்னைக்கே தெரியும், ஆவணியில தோண்டுனா என் பொழப்புப் போச்சுன்னு. எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். எட்டு வருசமாத் தண்ணி மோந்து குடுக்குற அக்காவை நாலு பேருக்கு முன்னால எப்புடி எதுத்துப் பேசுறது?" என்றாள்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இனி என்ன செய்யப் போற?"

"திருப்பூர்ல எங்க அண்ணன் கூப்புடுது. பனியன் கம்பெனியில டெய்லருக்கு ஆள் வேணுமாம். புள்ளை பரிச்சை முடியட்டும்னு பாக்குறேன்."

"தெக்கு வரிசை இன்னும் வெட்டவே இல்ல. அது முடிஞ்சிருச்சுன்னா வருவியா?"

"எப்ப வெட்டுவாங்க? தை பொறந்தா முகூர்த்தம். மாசி, பங்குனி முகூர்த்தம். சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தம். கடைக்காரவுக யாரும் விட மாட்டாங்க. அப்புறம் இருக்குறது..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அந்த மாசத்தை நான் சொல்ல மாட்டேன்க்கா. நீங்களே சொல்லுங்க."

"ஆடி," என்றேன்.

"ஆவணி வரைக்கும் பாக்குறேன்," என்றாள். "தள்ளிப் போச்சுன்னா நான் வண்டியேறிருவேன். என் மேல வருத்தப்படக் கூடாது."

தை மாதம் ஒருவழியாக வடக்கு வரிசை முடிந்தது. குழிகளை இணைத்து, சிலாப் போட்டு, சமமாக நடைபாதை வந்தது. அரிசி மண்டியைத் திறந்தார்கள். அவள் சொன்னபடியே நாலு கக்கூஸ், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, கைக்குழந்தைக்கு மறைப்பு. முதல் வாரம் யாரும் உள்ளே போகவில்லை, காசு கேட்பார்களோ என்று. பிறகு ஒரு கல்யாணக் கூட்டம் போய் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தது. அதிலிருந்து பெஞ்சு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வடக்கு வரிசையில் மூடிக் கிடந்ததில் நாலு கடை திறந்தது. எங்கள் தெற்கு வரிசையில் மட்டும் பழைய சாக்கடையே. வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் பார்ப்பார்கள்.

கீரமங்கலத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா. பூவும் கடலையும் போடுகிற சம்சாரிக் குடும்பம். ஒருநாள் மஞ்சள் எடுத்துக்கொண்டே, "இங்கிட்டு எப்பத்தா சரி பண்ணுவீங்க?" என்று கேட்டது. ஆடியில் ஆரம்பிக்கலாமா என்று யோசனை, ஆனால் பயமாக இருக்கிறது என்றேன்.

அந்த அம்மா சிரித்தே விட்டது. "ஆத்தா, ஆடியில நாங்க வெதைக்கிறோம்ல? மண்ணுக்கு ஆடி ஆகாதுன்னா ஊரு என்னத்தைத் தின்னும்?"

அது போன பிறகு, விற்க வைத்திருந்த காலண்டரில் ஒன்றை எடுத்து ஆடி மாதத் தாள்களைத் தள்ளிப் பார்த்தேன். பதினொன்றாம் தேதியில் வாஸ்து நாள் என்று போட்டிருந்தது. வீடு கட்டவே ஆடியில் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் விற்ற காலண்டர். நான் ஒருமுறை கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அப்பப் பதினொண்ணு வரைக்கும் காத்திருக்கலாமா?" என்று கேட்டார், கேலியாக. பத்து நாள் என்பது எத்தனை கடை வாசல் என்று இப்போது எனக்குத் தெரியும். "ஆடி பொறந்ததும் ஆரம்பிக்கணும்," என்றேன்.

மறுபடியும் ஆனியில் கூட்டம். அதே மாடி. இந்த முறை இன்ஜினியர் தேதி எதுவும் சொல்லவில்லை. "நீங்களே சொல்லுங்க," என்று பேனாவை மூடி வைத்தார். நான் எழுந்தேன்.

"போன வருசம் ஆடி ஆகாதுன்னு சொன்னவ நான்தான். ஈசானிய மூலைன்னு சொன்னதும் நான்தான். ஒவ்வொருத்தருக்கும் நாள் பாத்துக் குடுத்ததும் நான்தான். அதுனால ஒரு கடை போச்சு. இந்த வருசம் ஆடி மூணாந்தேதி தெக்கு வரிசைப் பள்ளத்துல ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கறேன். அவுங்கவுங்க கொட்டகையைப் பிரிக்கத் தனித்தனியா நாள் பாக்க வேணாம். எங்கிட்ட வந்தா சொல்ல மாட்டேன். முதல்ல எங்க கொட்டகையைப் பிரிங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும்."

பாத்திரக் கடைக்காரர், "ஆடியில..." என்று இழுத்தார். பாய் அவரை முடிக்க விடவில்லை. "தங்கச்சி ஆகாதுன்னப்பக் கேட்டோம்ல? இப்ப ஆகும்னா கேக்க மாட்டமா? இல்ல, நல்லதைச் சொன்னா மட்டும் காது அடைச்சுக்குமா?" என்றார். இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

ஆடி மூன்று காலையில் எங்கள் மாமனார் போட்ட கொட்டகையின் போல்ட்டை எங்கள் வீட்டுக்காரரே ஏறிக் கழற்றினார். நான் கற்பூரம் ஏற்றி, தெருப் புழுதியைத் தொட்டுக் கும்பிட்டேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். அன்று முழுக்க ஒரு தும்மல் கேட்டாலும் திடுக்கிட்டேன். மறுநாள் கொஞ்சம் குறைந்தது. நாலாம் நாள், குழிக்கு மேல் போட்ட பலகையில் நடந்து வந்து ஒரு பெரியவர் கற்பூரம் வாங்கினார். அதன் பிறகு பயப்பட நேரமில்லை. பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஒரே சீராக வெட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருநாள் மழை பெய்தது. தண்ணீர் நின்ற இடம் தெரியாமல் ஓடிப் போனது. அதைப் பார்க்கக் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம், ஏதோ சாமி ஊர்வலம் போகிற மாதிரி. ஆடி முடியும் முன்னாலேயே கடைசிச் சிலாப் விழுந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். "முடிஞ்சிருச்சா? நெசமாவா?" என்றாள். "பக்கத்துக் கடை இன்னும் காலியாத்தான் கெடக்கு. ஓனர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்," என்றேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அண்ணனுக்குச் சொன்ன வாக்கு என்று ஏதேதோ சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. கடையில் ஒரு கூட்டத்துக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. மூன்று மிஷின்களும் கயிறு கட்டி நின்றன. முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து அவள் இறங்கினாள். நடைபாதையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"ஆடாது," என்றேன்.

"ஆடுனா ஒங்களைத்தான் புடிப்பேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மணி என்னக்கா?"

"பத்தே முக்கால்."

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சேக்கா! பன்னெண்டு மணிக்கு முன்னால மிஷினை உள்ள வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

டிரைவர் தலையில் கை வைத்தார். "யம்மா, எனக்கு அடுத்த லோடு இருக்கும்மா. ஒண்ணேகால் மணி நேரம் நான் இங்கேயே நிக்கவா?"

நான் மஞ்சள் பொட்டலத்தில் நூலைச் சுற்றினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மிஷினை நடைபாதையில எறக்கி வச்சுட்டு நீங்க போங்கண்ணே," என்றாள் டிரைவரிடம். "உள்ள நாங்க தூக்கி வச்சுக்கறோம்."

இறக்கி வைத்துவிட்டுப் போனார். மஞ்சள் வாங்க வந்த பெண்களில் ஒருத்தி, "இது ஜாக்கெட் தைக்கிற கடையா? அளவு எடுப்பீங்களா?" என்று கேட்டாள். ராகு காலத்தில் அளவு எடுக்கலாமா என்று தங்கச்சி என்னைக் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை உருவி, அந்த நடைபாதையிலேயே, வெயிலில், "கையைத் தூக்கு தாயி," என்றாள்.